தாலி, தாள், பென்ஷன்
புதுச்சேரியில் பதியாத கல்யாணங்களின் கதை

எங்கள் ஆயாவின் பெயரை அரசாங்கத் தாளில் ஒரே ஓர் இடத்தில்தான் நான் பார்த்திருக்கிறேன். என் அப்பாவின் பிறப்புப் பதிவில். 1938இல் புதுச்சேரி மேரியில் பிரஞ்சில் எழுதிய பதிவு. தகப்பன் பெயர் இருக்கிறது, தொழில் சொல்தா என்று இருக்கிறது. தாயின் பெயர் இருக்கிறது. இரண்டு பேருக்கும் மணமாகவில்லை என்று இருக்கிறது. அதனால் பிறந்தது 'இயற்கைப் பிள்ளை'. தகப்பன் அதைத் தன் பிள்ளையென ஏற்றுக்கொண்டார் என்று கீழே ஒரு வரி.

படிக்கத் தெரிந்த வயதில் இதை ஆயாவுக்குத் தமிழில் சொன்னேன். "இயற்கைப் புள்ளைன்னா, மத்தவங்க பெத்ததெல்லாம் என்னா, செயற்கைப் புள்ளையா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாலு பேரு பாக்கத்தான்டா தாலி கட்டனான். பறமேளம் அடிச்சாங்க. நாட்டாமைதான் வெத்தல பாக்கு மாத்தனாரு. கல்யாணம் ஆவலன்னு எவன்டா எழுதனது?"

எழுதியது பிரஞ்சுக்காரன் மட்டுமில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதியாத கல்யாணம், சேர்ந்து வாழ்தல் என்றால் பட்டணத்துப் படித்த பிள்ளைகளின் புதுப் பழக்கம் என்று இன்றைக்குப் பேசுகிறார்கள். சேரியில் நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கல்யாணங்களில் பாதிக்கு மேல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவைதான். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

1

1819 ஜனவரி 6ஆம் தேதி பிரஞ்சு அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. பிரான்சின் சட்டங்கள் புதுச்சேரிக்கும் வரும். ஆனால் இந்தியர்களுக்கு, அவர்கள் இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும், அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், பழக்கப்படியே தீர்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாதி வழக்கம் என்றால் என்ன, அதை யார் சொல்வது? 1827இல் அதற்கொரு கமிட்டி போட்டார்கள். இந்திய வழக்கச் சட்டத்துக்கான ஆலோசனைக் கமிட்டி என்று பெயர். கோர்ட்டுக்குச் சந்தேகம் வந்தால் அவர்களைக் கேட்கும். உட்கார்ந்திருந்தவர்கள் ஊரின் சாதி இந்துப் பெரிய மனிதர்கள். அவர்கள் சொன்ன கருத்துகளை லெயோன் சோர்க் என்ற நீதிபதி தொகுத்து 1897இல் புத்தகமாகவே போட்டார்.

நம் ஜனங்களிடம் இருந்தது வேறு வழக்கம். புருஷன் செத்தால் அறுத்துக்கட்டலாம். ஒத்துவராவிட்டால் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு வேறு கல்யாணம் பண்ணலாம். ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம். பெண்ணுக்கு மூச்சு விட இடமிருந்த வழக்கம் இது. இதைத்தான் மேல்சாதிப் பார்வை 'முறையில்லாத சேர்க்கை' என்றது. எவனுடைய சடங்கு சாஸ்திரத்தில் இருந்ததோ அவன் கல்யாணம் கல்யாணம். மற்றவனுடையது வழக்கமா இல்லையா என்று அவனையே கேட்டு முடிவு பண்ணினார்கள்.

1880 ஏப்ரல் 24 ஆணை பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் மேரியில் பதியச் சொன்னது. சாதி வழக்கப்படி கல்யாணம் செய்துகொள்ளும் வழியை அது அடைத்துவிடவில்லை. அடுத்த வருஷம்தான் பெரிய கதவு திறந்தது.

2

1881 செப்டம்பர் 21 ஆணை. இருபத்தொரு வயதான எந்தச் சாதிக்காரரும், ஆணோ பெண்ணோ, "என் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டேன்" என்று எழுதிக்கொடுக்கலாம். எழுதிக்கொடுத்தவர் அன்றுமுதல் பிரஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வருவார். குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். இவர்களைத்தான் ரெனோன்சான் என்கிறோம். இந்த இயக்கத்தை முன்னால் நின்று நடத்தியவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற கிறிஸ்தவ வக்கீல். 1873இல் ஐரோப்பியரைப் போல ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனதற்காக அவரைத் தடுத்தார்கள். பாரிஸ் வரை போய் ஜெயித்தார். பிறகு லாப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரஞ்சில் கதவு, வாசல் என்று பொருள்.

காலில் செருப்பு போட்டுத் தெருவில் நடந்தால் உதை வாங்கிய நம் ஜனங்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? கிறிஸ்தவர்களோடு சேர்ந்து சேரிக்காரர்களும் போய் எழுதிக்கொடுத்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் இனி பிரஞ்சுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் கொள்ளுத்தாத்தா உப்பளம் பக்கத்திலிருந்து போய்க் கைநாட்டு வைத்தவர். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. சாதியை விட்டேன் என்று எழுதிக்கொடுக்க ஓர் அரசாங்கம் மேஜை போட்டது என்பது இந்த நாட்டில் சின்ன விஷயமில்லை. மேல்சாதித் தலைவர்கள் அதை விடவில்லை. 1884இல் ரெனோன்சான்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் வந்தது, 1899இல் அது எடுக்கப்பட்டது. அந்த அரசியல் தனிக் கதை.

ஆனால் எழுதிக்கொடுத்தவர்களுக்கு யாரும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. எழுதிக்கொடுத்தது திருப்பி வாங்க முடியாதது. பிள்ளை பேரன் வரைக்கும் தொடர்வது. என் கொள்ளுத்தாத்தா கைநாட்டு வைத்த அன்றே, இன்னும் பிறக்காத என் தாத்தாவின் கல்யாணத்துக்கும் சட்டம் மாறிவிட்டது. சேரியில் கட்டும் தாலி இனி அந்த வீட்டில் செல்லாது.

3

1804இல் நெப்போலியன் போட்ட சிவில் சட்டத்தின் 194ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மேரியின் பதிவேட்டில் ஏறிய கல்யாணப் பத்திரத்தைக் காட்டாதவர் யாரும் கணவன் என்றோ மனைவி என்றோ உரிமை கேட்க முடியாது. 195ஆம் பிரிவு இன்னும் இறுக்குகிறது: ஊரறிய எத்தனை வருஷம் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தாலும் அது அந்தப் பத்திரத்துக்கு ஈடாகாது. கோயிலில் கட்டினாலும் மாதா கோயிலில் மோதிரம் மாற்றினாலும் அதே கதைதான். மேரியில் கையெழுத்து இல்லையென்றால் அவள் மனைவி இல்லை, கொங்குபீன். நம் தெருப் பேச்சில் வைப்பாட்டி.

பிள்ளைகளுக்கு 197ஆம் பிரிவில் ஒரு சின்ன சந்து வைத்தார்கள். தாய் தகப்பன் இரண்டு பேரும் ஊரறியப் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்து செத்துப்போயிருந்தால், பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை முறையில்லாப் பிள்ளை என்று தள்ள முடியாது. ஒரே நிபந்தனை: பிள்ளையின் பிறப்புப் பதிவு அதற்கு மாறாக இருக்கக்கூடாது. என் அப்பாவின் பதிவில்தான் 'இயற்கைப் பிள்ளை' என்று எழுதிவிட்டார்களே! பதியாமல் விட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். ஒழுங்காகப் போய்ப் பதிந்ததால் மாட்டிக்கொண்டார்.

இனி காசுக் கணக்கு. பதிந்த மனைவிக்கு, வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில் பாதி சொந்தம். புருஷன் செத்தால் அந்தப் பாதியை யாரும் தொட முடியாது. பதியாதவளுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்கு? தகப்பன் ஏற்றுக்கொண்ட இயற்கைப் பிள்ளைக்கு, முறையான பிள்ளையாக இருந்தால் கிடைத்திருக்கும் பங்கில் மூன்றில் ஒன்று என்று பழைய சட்டம் சொன்னது. 1896 மார்ச் மாதச் சட்டம் அதைப் பாதியாக்கியது. செத்தவருக்கு முறையான பிள்ளை இல்லாமல் அண்ணன் தம்பி இருந்தால் முக்கால். முறையான பிள்ளைக்குச் சமமான பங்கு பிரான்சில் வந்தது 1972இல்தான். அதற்குள் புதுச்சேரி பிரான்சிடம் இல்லை.

4

என் தாத்தா 1930களில் பிரஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். சைகோனில் வருஷக்கணக்கில் இருந்தார். நம் தெருக்களில் சொல்தா வீடு என்றால் ஓட்டு வீடு, மாசம் பிறந்தால் பென்ஷன், கருவாட்டுக்குப் பதில் கறி. தாத்தா ஊருக்கு வரும்போதெல்லாம் ஆயா கேட்டாளாம்: "மேரிக்குப் போயி ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துருவமா?" பிறகு பதிந்துகொண்டாலும் போதும், முன்னால் பிறந்த பிள்ளையையும் அது முறையான பிள்ளையாக்கிவிடும். சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. தாத்தா சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்: "தாலி கட்டிக்கினு கெடக்கறியே, இன்னும் என்னாத்துக்கு கையெழுத்து?"

பிரஞ்சு சட்டம், மேல்சாதிக் கமிட்டி என்று மற்றவர்களைச் சொல்கிறோம். பேனா தாத்தாவின் கையில்தான் இருந்தது. தன் பெயரைப் பிரஞ்சில் எழுதக் கற்றுக்கொண்ட மனுஷன், பெண்டாட்டி பெயரை அதற்குப் பக்கத்தில் எழுதவில்லை. சாதியை விட்ட குடும்பம் ஆண் என்ற நினைப்பை விடவில்லை. இதையும் நாம்தான் எழுத வேண்டும்.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் மாறியது. விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தாத்தா வைத்துக்கொண்டார். 1971இல் செத்துப்போனார்.

புருஷன் வாங்கிய பென்ஷனில் பாதி விதவைக்கு வரும். ஆயா மனு போட்டாள். போன இடத்தின் பெயர் இங்கே வேண்டாம்; அங்கிருந்த அலுவலர் புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னார். கல்யாணப் பத்திரம் கொண்டு வா. இல்லை. அப்படியென்றால் நீ யார்? நாற்பது வருஷம் சோறாக்கிப் போட்டவள் அந்த மேஜைக்கு முன்னால் வாயடைத்து நின்றாள். சில மாதம் கழித்து வந்த கடிதத்தில் அவள் பெயருக்கு முன்னால் மதாம் என்றுகூட இல்லை. வீட்டில் கால் பங்கு தாத்தாவின் தம்பி கேட்டார். அவர் கேட்டதற்குச் சட்டம் இருந்தது. காதில் இருந்ததை விற்று அந்தக் கால் பங்குக்கு ஈடு கொடுத்தாள் ஆயா. பிறகு 18 வருஷம் இட்லி சுட்டு விற்றுச் செத்தாள்.

ஆயாவுக்கு ஓர் அக்கா. எனக்குப் பெரிய ஆயா. அவளைக் கொடுத்தது சுங்கச் சாவடிக்கு அந்தப் பக்கம், கடலூர்த் தாலுகாவில். அதே தாய் வயிற்றுப் பெண், அதே நாட்டாமை, அதே பறமேளம், பதிவு இல்லாத அதே கல்யாணம். 1950களில் அவள் புருஷன் செத்தபோது நிலத்துக்குப் பங்காளிகள் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வந்து "இவங்க புருஷன் பொண்டாட்டியாத்தான் வாழ்ந்தாங்க" என்று சொன்னார்கள். நிலம் அவளுக்கு நின்றது.

காரணம், அந்தப் பக்கம் இருந்தது ஆங்கிலச் சட்டம். ஆணும் பெண்ணும் நெடுநாள் ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தால், மாறாக நிரூபிக்கும்வரை அவர்களைக் கணவன் மனைவி என்றே கோர்ட்டு கொள்ளும். 1927இல் இலங்கையிலிருந்து போன ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இதை அழுத்திச் சொன்னது. அந்தப் பக்கம் மறுப்பவன் நிரூபிக்க வேண்டும்; இந்தப் பக்கம் கேட்பவள் பத்திரம் காட்ட வேண்டும். பிரஞ்சுச் சட்டம் சாதி பார்க்கவில்லை, தாள் பார்த்தது. தாள் யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்பதைச் சாதி முன்னாலேயே முடிவு பண்ணியிருந்தது.

5

1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டம் 1963இல் புதுச்சேரிக்கும் நீட்டப்பட்டது. நீட்டும்போதே ஒரு வரி சேர்த்தார்கள்: ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் பழைய பிரஞ்சுச் சட்டமே. 1962க்குப் பிறகு பாரிசில் வந்த திருத்தங்கள் இங்கே தாமாக வந்து சேரவில்லை. அதனால் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில், ஒருவருக்குத் தாலி செல்லும், இன்னொருவருக்குச் செல்லாது. மேரிக் கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது, 2021இல் அதேபோலக் கட்டித் திறந்தார்கள். அந்த வரி மட்டும் இடியாமலே இருக்கிறது.

சாதி இந்துச் சடங்கில்லாத கல்யாணத்துக்குத் தமிழ்நாட்டில் நடந்ததும் தெரியும். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சி 7ஏ பிரிவைக் கொண்டுவந்தது. முன்னால் நடந்தவையும் செல்லும் என்றது. புதுவையிலும் பின்னர் அதே பிரிவு சேர்ந்தது. மாலை, மோதிரம், தாலி, ஏதாவது ஒன்று போதும், ஐயர் வேண்டாம். இது பெரிய வெற்றி. ஆனால் ரெனோன்சான் வீட்டுக்கு இதுவும் வராது.

6

இன்றைக்கு என்ன நிலைமை? 2005இல் வந்து 2006 அக்டோபரில் நடைமுறையான குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணம் போன்ற உறவு' என்று ஒரு வகையை ஏற்றது. அடி, உதை, வீட்டை விட்டுத் துரத்தல், செலவுக்குக் காசு தராமை, எல்லாவற்றுக்கும் பதியாத பெண்ணும் போகலாம். 2010 அக்டோபரில் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவு வைத்தது. வெளிநாட்டில் 'காமன் லா மேரேஜ்' என்று சொல்வதை எடுத்துக்கொண்டு நான்கு நிபந்தனை சொன்னது: கணவன் மனைவியாக ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், சட்ட வயது ஆகியிருக்க வேண்டும், இருவரும் கல்யாணத்துக்குத் தகுதியானவர்களாக, வேறு கல்யாணம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும், விருப்பத்தோடு கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பில்தான் பெண்ணைக் 'கீப்' என்று எழுதினார்கள். வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் கோர்ட்டிலேயே எழுந்து அந்தச் சொல்லை எதிர்த்தார். எங்கள் ஆயா காதில் விழுந்த அதே சொல், வேறு பாஷையில்.

கவனியுங்கள். காமன் லா மேரேஜ் என்று ஒரு கல்யாணம் நம் சட்டப் புத்தகத்தில் இல்லை. அது பிறந்த இங்கிலாந்திலேயே 1753ஆம் வருஷச் சட்டத்தோடு போய்விட்டது. நமக்கு இருப்பது ஊகம் ஒன்றுதான்: சேர்ந்து வாழ்ந்தார்கள், அதனால் கல்யாணம் நடந்திருக்கும் என்ற ஊகம். அதை உடைக்கலாம். ஆணுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாள் என்று காட்டினால் உடைந்துவிடும். அது தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊருக்குள் குடும்பம் வைத்துக்கொண்டு சேரியில் ஒருத்தியை வைத்துக்கொள்ளும் ஆதிக்க சாதிக்காரனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறு என்ன?

இன்னொரு வலையும் உண்டு. பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு மறுபடி கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தை இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் வழக்கம் உண்டு என்று கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். தீர்ப்புச் சீட்டு தொலைந்துபோனால், இரண்டாவதாகக் கட்டியவள் குடும்ப பென்ஷன் கேட்கும்போது, 'முதல் கல்யாணம் இருக்கிறது, நீ மனைவி இல்லை.' பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் விடிவு: செல்லாத கல்யாணத்துப் பிள்ளைக்கும் தகப்பனுக்கு உள்ள பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரான்சில் இன்றைக்குச் சேர்ந்து வாழ்தலுக்கு 1999இலிருந்து சிவில் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் விதவை பென்ஷன் அங்கேயும் பதிந்து கல்யாணம் செய்தவருக்கு மட்டும்தான்.

அப்படியானால் எல்லாரும் போய்ப் பதிந்துவிட்டால் தீர்ந்ததா? விருத்தாசலம் பக்கத்துக் கண்ணகியும் முருகேசனும் 2003 மே மாதம் கடலூரில் போய்ப் பதிந்தவர்கள்தான். அவர் தலித், அவள் வன்னியர். ஜூலையில் இரண்டு பேருக்கும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். தாள் இருந்தது, ஆள் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீசு ஒட்ட வேண்டும். அந்த முப்பது நாள் யாருக்கு உதவும் என்று எல்லாருக்கும் தெரியும். உத்தரகாண்டில் 2025 ஜனவரியிலிருந்து சேர்ந்து வாழ்கிறவர்களும் பதிய வேண்டும், ஒரு மாதத்துக்குள் பதியாவிட்டால் ஜெயில்கூட உண்டு. பதியாததால் ஆயாவைத் தண்டித்த தாள், பதியச் சொல்லியே இன்றைய பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பதிவு எளிதாக, செலவில்லாமல், ஊருக்குத் தம்பட்டம் அடிக்காமல் நடக்க வேண்டும். பதியாமல் வாழ்ந்த பெண்ணைப் பென்ஷன், வீடு, பணிக்கொடை இவற்றிலிருந்து தள்ளும் அதிகாரம் எந்த மேஜைக்கும் இருக்கக்கூடாது. அதுவரை நம் தெருக்களில் வேலை செய்கிற தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பி.எஃப். நாமினி, வங்கிக் கணக்கு, வாடகைச் சீட்டு, எல்லாவற்றிலும் பெண்ணின் பெயர் ஏறியிருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்கலாம். பஞ்சாயத்துத் தீர்ப்பை எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லலாம். ரெனோன்சான் வீடுகளில் மட்டும் முதல் கேள்வி, "மேரியில் பதிந்தாச்சா?" என்பதாக இருக்கட்டும். பேனா பிடிக்கத் தெரிந்த ஆண்களை உட்காரவைத்து எழுதச் சொல்லலாம். இன்றைக்கே.

ஆயா 1989இல் செத்தாள். சாவுப் பதிவு எழுதும்போது கணவன் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். அப்பா தாத்தாவின் பெயரைச் சொன்னார். எதிரில் இருந்தவர் வேறொன்றும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். அவள் மனைவியான தாள் அது ஒன்றுதான். அதைக் காட்டிப் பென்ஷன் கேட்க அவள் இல்லை.